சாமியா, ஆளா?

இந்திரா சௌந்தர்ராஜன் எழுதி நாகா இயக்கிய ‘விடாது கருப்பு’ தொடரைப் பற்றி எங்கள் ஊர் சுருளிப்பட்டியில் பேச்சு எடுத்தால் இன்றும் இரண்டு கட்சி. தப்புச் செய்தவனைத் தண்டித்தது கருப்பசாமியே என்பார்கள் பெரியவர்கள். ‘சாமி பேரில் எவனோ செய்த வேலை’ என்பார்கள் படித்த பிள்ளைகள். 1997-98இல் சன் டிவியில் வாரம் ஒருமுறை வந்த ‘மர்மதேசம்’ வரிசையில் ஒரு கதை இது. இயக்குநர் பாலசந்தரின் மின்பிம்பங்கள் நிறுவனத் தயாரிப்பு.

இதன் கெட்டிக்காரத்தனம், கதையை ‘அன்று’, ‘இன்று’ என இரண்டாகப் பின்னியதில் இருக்கிறது. சிறுவன் ராஜேந்திரன் அன்று கண்டு மிரண்டதற்கான விடையை இன்றைய கதை கொஞ்சம் கொஞ்சமாக அவிழ்க்கிறது. பயமுறுத்த ரத்தக்காட்டேரி தேவைப்படவில்லை. ஊர் எல்லை, வெள்ளைக் குதிரை, குளம்புச் சத்தம் போதும். இவையெல்லாம் திராட்சைத் தோட்டத்துக்கு ராத்திரி தண்ணீர் பாய்ச்சப் போகிற எங்களுக்குப் பழகிய பயங்கள். மனநோயைப் பற்றி அறிவியல் பேசியும், கும்பிடுகிறவர்களைத் தொடர் எள்ளி நகையாடவில்லை.

வருடக்கணக்கில் இழுக்கும் தொடர்களுக்கு நடுவே, சொல்ல வந்ததைச் சொல்லி முடித்துக்கொண்டது இது. யூடியூபில் கிடைக்கிறது, பாருங்கள். முடிவை மட்டும் யாரிடமும் முன்கூட்டிக் கேட்காதீர்கள்.