ஒற்றும் வேவும்: ஹாம்லெட் நாடகமும் எல்ஜின் சாலை இல்லமும்

பம்மல் சம்பந்த முதலியார் 'அமலாதித்யன்' எனத் தமிழ் மேடைக்குத் தந்த ஹாம்லெட் நாடகத்தில் கண்காணிக்கப்படாதார் அரியர். இக்கண்காணிப்பைத் தமிழில் பெயர்க்க முற்படுவோர்க்கு முதலில் கைகொடுப்பது 'ஒற்று' என்னும் சொல். அது பொருந்துமா என்பது ஆராயத்தக்கது.

திருக்குறளின் ஒற்றாடல் அதிகாரம் (59) சுற்றத்தாரையும் ஒற்றின் வட்டத்துள் அடக்குகிறது. ஆயின் அங்கே சுற்றத்தார் ஒற்றப்படுவோரே. ஒற்றுவோர் அரசின் வினையாளர். ஒருவர் கொணர்ந்ததை மற்றொருவரைக் கொண்டு ஒத்துப் பார்க்கும் முறையும் அங்குண்டு. எல்சினோர் அரண்மனையிலோ வேவு பார்ப்பவரே தந்தை, சிற்றப்பன், பள்ளித் தோழர். ரோசன்கிராண்ட்ஸும் கில்டன்ஸ்டெர்னும் தாம் வரவழைக்கப்பட்டவர் என்பதை ஹாம்லெட் வற்புறுத்திக் கேட்டதும் ஒப்புக்கொண்டுவிடுகின்றனர். வள்ளுவர் வகுத்த இலக்கணப்படி அவர்களை ஒற்றர் என்று சொல்வதே மிகை.

கண்காணிக்கப்பட்டோர் தாமே எழுதிய குறிப்புகள் இவ்விடத்தில் மொழிபெயர்ப்பாளர்க்குத் துணைபுரியும். தென் கொல்கத்தாவின் லேக் கார்டன்ஸிலிருந்து, தமிழர் பல தலைமுறையாக வாழும் லேக் மார்க்கெட்டைக் கடந்து வடக்கே சென்றால் எல்ஜின் சாலை. அங்கே 38/2 எண்ணுள்ள இல்லத்திலிருந்து 1941 சனவரி 16-17 நள்ளிரவில் சுபாஷ் சந்திர போஸ் வெளியேறியதை, காரோட்டிச் சென்ற அண்ணன் மகன் சிசிர் குமார் போஸ் நூலாக எழுதியுள்ளார். வெளியே சாதாரண உடையில் காவலர். உள்ளே, தனித்திருந்து நோன்பு நோற்பதாகச் சொல்லித் திரைக்குப் பின் தங்கிய சுபாஷ். அவர் சென்ற பின்னும் திரை அப்படியே இருந்தது. உணவு உள்ளே சென்றது. இளைய உறவினர் அதை உண்டனர். சனவரி 26 அன்றுதான் அவரைக் காணவில்லை என்ற செய்தி வெளிப்பட்டது.

பொலோனியஸ் ஒளிந்த திரைக்குப் பின்னால் ஆள் இருந்தான். எல்ஜின் சாலைத் திரைக்குப் பின்னால் ஆள் இல்லை. ஹாம்லெட் பித்து நடிக்கிறான், சுபாஷ் துறவு நடிக்கிறார். கண்காணிப்பு, கண்காணிக்கப்படுவோனை நடிகனாக்குகிறது என்னும் அளவில் இரண்டும் ஒன்றே. வேறுபாடு வீட்டில் உள்ளது. கொல்கத்தாவில் வீடு நடிப்பில் பங்கேற்றது. டென்மார்க்கில் வீடே வேவு பார்த்தது. ஹொரேஷியோ ஒருவன் நீங்கலாக ஹாம்லெட்டுக்குத் துணையில்லை. தப்பித்தற் கதையாக முடிந்திருக்கக்கூடியது அவலமாவது இதனால்தான் எனலாம்.

இவ்வொப்பீடு இத்துடன் முடியவில்லை. 1948 முதல் 1968 வரை, விடுதலை பெற்ற இந்தியாவின் உளவுத்துறையும் இக்குடும்பத்தைக் கண்காணித்து வந்ததும், சிசிர் போஸ் உள்ளிட்டோரின் கடிதங்கள் பிரித்துப் படியெடுக்கப்பட்டதும் கோப்புகள் வாயிலாக 2015இல் வெளிவந்தன. சிசிர் 2000இலேயே மறைந்துவிட்டார். பார்ப்பவர் தெருவில் நின்றால் அவர்க்காக நடிக்கலாம். அஞ்சலகத்தில் அமர்ந்து படியெடுப்பவர்க்காக எவ்வாறு நடிப்பது? இத்தகைய அனுபவத்திற்கு நாடகத்தில் இணை தேடின் ஹாம்லெட் கிடைக்கமாட்டான், லேயர்ட்டிஸ் கிடைப்பான். மகன் பாரிசில் எவ்வாறு வாழ்கிறான் என்று அறியப் பொலோனியஸ் ரெனால்டோவை அனுப்புகிறான். மகனைப் பற்றிச் சிறு பொய்களைத் தூவி மெய்யைப் பிடிக்குமாறு வழியும் சொல்லித் தருகிறான். லேயர்ட்டிஸ் இதை அறிந்ததாக நாடகத்தில் எங்கும் இல்லை. மேடையேற்றுவோர் பெரும்பாலும் வெட்டிவிடும் காட்சி இது. வெட்டுவது பிழை, தந்தையின் அன்பும் வேவும் ஒரே வாயிலிருந்து வருவதை வேறெக்காட்சியும் இத்துணை இயல்பாகக் காட்டவில்லை.

ஆகவே ரெனால்டோ காட்சிக்கு 'வேவு' தகும். திரைக்குப் பின் நிற்கும் பொலோனியஸின் செயலுக்கு 'ஒட்டுக்கேட்டல்' என்னும் வீட்டுச் சொல்லே பொருந்தும். அது அமைச்சனின் மதிப்பைக் குறைக்கும் எனின், குறைப்பதே வேண்டுவது. 'ஒற்றர்' என்பதை ஓரிடத்திற்கென ஒதுக்கிவைக்கலாம். ஒபீலியாவை முன்னிறுத்தித் தானும் பொலோனியஸும் மறைந்து நிற்கப்போவதைச் சொல்லுமிடத்து, கிளாடியஸ் தங்களிருவரையும் முறைப்படி அமைந்த ஒற்றர் என்கிறான். 1623ஆம் ஆண்டுப் பெரும்பதிப்பில் உள்ள இத்தொடர் 1604ஆம் ஆண்டுப் பதிப்பில் இல்லை. பெரும்பதிப்பைப் பின்பற்றுவோர், அரசியல் நூற்சொல்லின் பெருமையை அரசன் இரவல் வாங்கும் அவ்விடத்தில் அச்சொல்லை அவன் வாயிலேயே வைக்கலாம்.