பன்ராட்டி கோட்டை: விருந்து யார் வீட்டில்?

அயர்லாந்துக் கோட்டைகளைப் பற்றித் தேட ஆரம்பித்தால் பன்ராட்டி சீக்கிரமே கண்ணில் பட்டுவிடும். க்ளேர் மாவட்டத்தில், ஷானன் விமான நிலையத்துக்குப் பக்கத்தில் நிற்கும் சாம்பல் நிறக் கல் கோபுரம். உள்ளே கருத்துப்போன பழைய மேசைகள், சுவரில் சித்திரத் திரைகள், ராத்திரியானால் மெழுகுவத்தி வெளிச்சத்தில் 'இடைக்கால விருந்து'. பார்க்க நல்லாத்தான் இருக்கு. ஆனால் அதன் வரலாற்றைப் படிக்கப் படிக்க எனக்கு ஒரு கேள்வி மட்டும் விடவே இல்லை. இந்த விருந்து யார் வீட்டில் நடக்குது?

முதலில் ஒரு விஷயம். இப்போது நிற்பது அந்த இடத்தின் முதல் கோட்டை கிடையாது. 13-ஆம் நூற்றாண்டிலேயே நார்மன்கள் அங்கே வந்துவிட்டார்கள். 1276-ல் அந்தப் பகுதி தாமஸ் டி க்ளேர் என்ற பிரபுவுக்குக் கிடைத்தது, அவர் கல்லில் கோட்டை எழுப்பினார். 1318-ல் டிசர்ட் ஓடே சண்டையில் அவர் மகன் ரிச்சர்ட் ஐரிஷ் படையிடம் தோற்று உயிரை விட்டார். அதோடு கோட்டையும் நெருப்புக்குப் போச்சு. அதே நூற்றாண்டில் மறுபடி ஒன்று கட்டினார்கள், அதுவும் நிலைக்கவில்லை.

இன்று நாம் பார்க்கும் கோபுரம் 1425 வாக்கில் எழுந்தது. கட்டியவர்கள் நார்மன்கள் இல்லை, மக்னமாரா என்ற ஐரிஷ் குலத்தார். 'கோட்டைன்னா ஆக்கிரமிக்க வந்தவன் கட்டினது' என்று நினைப்பவர்கள் இங்கே கொஞ்சம் நிற்க வேண்டும். அயர்லாந்தில் 15, 16-ஆம் நூற்றாண்டுகளில் இப்படிப்பட்ட கோபுர வீடுகளை ஆங்கில வம்சாவளியினரும் கட்டினார்கள், ஐரிஷ் குலத் தலைவர்களும் கட்டினார்கள். கல் கோட்டையைக் கொண்டுவந்தது எதிரிதான், ஆனால் அதில் குடியிருக்க ஐரிஷ்காரர்களும் கற்றுக்கொண்டார்கள்.

பிறகு கோட்டை ஓ'பிரையன் குலத்தாரிடம் போனது. ஒரு காலத்தில் தோமண்ட் பகுதியின் அரசர்கள் அவர்கள். 1543-ல் மரோ ஓ'பிரையன் தன் பழைய அரச உரிமையை எட்டாம் ஹென்றியிடம் ஒப்படைத்துவிட்டு, 'தோமண்ட் ஏர்ல்' என்ற ஆங்கிலப் பட்டத்தை வாங்கிக்கொண்டார். நாலாவது ஏர்ல் டோனோ ஓ'பிரையன் இன்னும் ஒரு படி மேலே போனார். 1601-ல் கின்சேல் சண்டையில் ஓ'நீல், ஓ'டானல் என்ற ஐரிஷ் தலைவர்களை எதிர்த்து ஆங்கிலேயர் பக்கம் நின்று போரிட்டார். பழைய ஐரிஷ் உலகத்தின் முதுகெலும்பை முறித்த சண்டை அது.

இப்போது கோட்டைக்குள் திரும்பி வருவோம். 1950களில் கார்ட் பிரபு இதை வாங்கி, அரசின் பொதுப்பணி அலுவலகத்தின் உதவியோடு சீரமைத்தார். பெருங்கூடத்தின் கூரையே அதற்கு முன்னால் இடிந்து விழுந்திருந்தது. உள்ளே இருக்கும் சாமான்கள் அந்தக் கோட்டையில் வழிவழியாக இருந்தவை இல்லை, பல இடங்களிலிருந்து சேகரித்து வைத்தவை. 1960-ல் மக்கள் பார்வைக்குத் திறந்தார்கள். அறைகள் காட்டும் காலம் ஏறக்குறைய 1600. அதாவது சரியாக அந்த நாலாவது ஏர்லின் காலம்!

என் விமர்சனம் இதுதான். சாமான் வெளியிலிருந்து வந்தது என்பது பெரிய குற்றம் இல்லை. 'ஐரிஷ் விருந்தோம்பல்' என்று நாம் உட்காரும் மேசை, கின்சேலில் எதிர்ப்பக்கம் நின்றவரின் மேசை. அந்த மனிதர் ஏன் அப்படி முடிவெடுத்தார், நிலத்தைக் காப்பாற்றவா, குலத்தைக் காப்பாற்றவா என்பதுதான் அந்த அறைகளில் ஒளிந்திருக்கும் உண்மையான கதை. தேன் மதுவும் பாட்டும் அந்தக் கதையை மூடிவிடுகின்றன.

'விருந்து இல்லேன்னா கோட்டையே நின்னிருக்காதே?' என்று கேட்கலாம். நியாயம்தான். ஜெட் விமானங்கள் வந்த பிறகு அட்லாண்டிக்கைத் தாண்ட ஷானனில் இறங்க வேண்டிய அவசியம் குறைந்தது. பயணிகளை இழுக்க ஏதாவது வேண்டியிருந்தது. பன்ராட்டி அதற்குப் பயன்பட்டது, பலருக்குச் சோறும் போட்டது.

மீத் மாவட்டத்தின் ட்ரிம் கோட்டையில் வேறு வழி எடுத்தார்கள். ஹ்யூ டி லேசி தொடங்கிய அந்தப் பெரிய கோபுரத்தை அறை அறையாக அலங்கரிக்காமல், சிதைந்த சுவர்களைச் சிதைந்தபடியே காப்பாற்றியிருக்கிறார்கள். எது பழசு, எது புதுசு என்று கண்ணுக்கே தெரியும்.

அதற்காக பன்ராட்டியைக் காலி செய்யச் சொல்லவில்லை. விருந்து நடக்கட்டும். ஆனால் சாப்பிட உட்காரும் முன்னால் இரண்டு விஷயம் சொல்லுங்க: இந்தக் கூரை 1950களில் போட்டது, இந்த வீட்டுக்காரர் கின்சேலில் நின்றது ஆங்கிலேயர் பக்கம். அதைக் கேட்டுவிட்டுச் சாப்பிடுபவர், வெளியே வரும்போது அந்தக் கோபுரத்தை ஒரு தடவை திரும்பிப் பார்ப்பார்.