ஒப்பமிட மறுத்தவர்கள்

'பரோல்' என்றதும், சிறைக் கைதி சில நாள் விடுப்பில் வீடு சென்று திரும்புவதே நம் நினைவுக்கு வருகிறது. பிரெஞ்சு மொழியில் அச்சொல்லுக்கு 'வாக்கு' என்பதே பொருள். பிடிபட்ட வீரன், கைதிப் பரிமாற்றம் முறைப்படி நிகழும்வரை ஆயுதம் ஏந்துவதில்லை என வாக்களித்தால், அவனைச் சிறையிடாது விடுவிப்பது பழைய போர் மரபு. அமெரிக்க உள்நாட்டுப் போரில் இருதரப்பும் 1862 ஜூலையில் செய்துகொண்ட உடன்படிக்கை அதனை விதியாகவே வகுத்தது.

அவ்விதிக்கு நேர்ந்த பெருஞ்சோதனை விக்ஸ்பர்க். 47 நாள் முற்றுகைக்குப்பின், 1863 ஜூலை 4 அன்று அந்நகரம் வடக்குப் படையின் தளபதி யுலிசிஸ் கிராண்டிடம் சரணடைந்தது. பிடிபட்ட ஏறத்தாழ 29,500 பேரில் பெரும்பாலோர் வாக்களித்து விடுதலை பெற்றனர். புற்றுநோயோடு போராடியவாறே 1885இல் கிராண்ட் எழுதி முடித்த நினைவுக் குறிப்புகள் இந்நிகழ்ச்சியை விளக்குகின்றன. அவ்விளக்கத்தையே நாம் இங்கு ஆராய்கிறோம்.

கிராண்டின் நடையில் மிகையில்லை. இத்தனை பேரை வடக்கே கொண்டுசெல்லக் கப்பலும் பொருளும் வீணாகும்; அவர்களில் பலர் போரில் சலித்தவர்கள்; விட்டால் வீடு செல்வார்கள். இவையே அவர் கூறும் காரணங்கள். தேவையால் செய்ததை இரக்கமென்று அவர் அலங்கரிக்கவில்லை. இந்நேர்மையே நூலின் சிறப்பு. தம் வீரர்கள் கலைந்துவிடாமல் காக்கச் சில ஆயுதங்கள் வேண்டுமெனத் தெற்குத் தளபதி பெம்பர்ட்டன் கேட்டபோது கிராண்ட் மறுத்தார்; அவர்கள் கலைவதைத்தான் அவர் விரும்பினார். ஆக, அவர் நம்பியது வீரனின் வாக்கையன்று, அவனது களைப்பையே.

ஆயினும், நூலின் மிக ஆழமான செய்தியை ஆசிரியரே நின்று நோக்காமல் கடந்துவிடுகிறார் என்பது நம் குறை. சிலர் ஒப்பமிட மறுத்தனர். மீண்டும் போருக்கு அனுப்பப்படுவதைவிட வடக்கின் சிறையே மேல் என்றனர். இதற்கு அவர் தரும் இடம் சிறிதே. விடுதலையை மறுத்துச் சிறையைத் தேர்ந்தவன் அறிந்திருந்தது என்ன? வாக்கை அளிப்பவன் தானாயினும், அதனை முடித்துவைக்கும் உரிமை தன் மேலிடத்தின் கையில் உள்ளது என்பதே.

அவ்வச்சம் பொய்க்கவில்லை. 1863 செப்டம்பரில் தெற்கு அரசின் பரிமாற்ற அதிகாரி, அவர்களில் பலர் பரிமாற்றம் பெற்றுவிட்டதாகத் தன்னிச்சையாக அறிவித்தார். நவம்பரில் சட்டனூகாவில் விக்ஸ்பர்க் வீரர்கள் கிராண்டின் படையையே மீண்டும் எதிர்த்து நின்றனர். இச்சர்ச்சையாலும், கறுப்பின வீரர்களைப் போர்க்கைதிகளாக ஏற்கத் தெற்கு மறுத்ததாலும் பரிமாற்றம் முறிந்தது. அதன் விலையை 1864இல் ஆண்டர்சன்வில் சிறை வாங்கியது; அங்கு ஏறத்தாழ 13,000 பேர் மடிந்தனர்.

சத்தியம் தனிமனிதனின் மனச்சான்றுக்கு உரியது என்றே நாம் கற்றோம், கற்பித்தும் வருகிறோம். ஆனால் ஒருவன் கொடுத்த வாக்கை அவனுக்காக மற்றொருவர் முறிக்க இயலுமெனில், அப்பாவம் யாருடையது? கிராண்ட் இதனைக் கேட்கவில்லை. ஒப்பமிட மறுத்த அந்தப் பெயரறியா வீரர்கள் கேட்டிருக்கிறார்கள்.