வாள் ராணி என் ராணி

டாரட் கட்டில் 78 சீட்டு. ஒன்றை மட்டும் வைத்துக்கொண்டு மற்றதையெல்லாம் கொடுத்துவிடு என்று யாராவது மிரட்டினால் நான் யோசிக்கவே மாட்டேன். சூரியனை எடுத்துக்கொள்ளுங்கள், நட்சத்திரத்தை எடுத்துக்கொள்ளுங்கள், பார்த்தவுடன் எல்லோருக்கும் வாயெல்லாம் பல்லாகிற காதலர் சீட்டையும் தாராளமாகக் கொண்டுபோங்கள். வாள் ராணியை மட்டும் தொடாதீர்கள். அவளை நான் யாருக்கும் தருவதாக இல்லை.

நான் சொல்வது 1909 டிசம்பரில் லண்டனில் வில்லியம் ரைடர் அண்ட் சன் நிறுவனம் வெளியிட்ட கட்டில் உள்ள ராணியை. ஆர்தர் எட்வர்ட் வெயிட் வழிகாட்ட, பமீலா கோல்மன் ஸ்மித் வரைந்த கட்டு அது. இன்று டாரட் என்று எங்கே எதைப் பார்த்தாலும் பெரும்பாலும் இந்தப் படங்கள்தான், இல்லாவிட்டால் இவற்றின் பிள்ளை, பேரப்பிள்ளைகள்.

முதலில் அவளை நன்றாகப் பாருங்கள். கல் சிம்மாசனம். நமக்கு வலப்பக்கமாகப் பார்த்து, பக்கவாட்டில் உட்கார்ந்திருக்கிறாள். நமக்குக் கிடைப்பது பாதி முகம்தான். திரும்பி நம்மைப் பார்க்கிற உத்தேசமே அவளுக்கு இல்லை. வலக்கையில் வாள், தூக்குக்குண்டு கட்டிப் பார்த்த மாதிரி செங்குத்தாக நிற்கிறது. அதை அவள் ஓங்கவுமில்லை, வீசவுமில்லை; பிடியைச் சிம்மாசனத்தின் கைமேல் ஊன்றிச் சும்மா வைத்திருக்கிறாள். இடக்கை முன்னால் நீண்டிருக்கிறது, உள்ளே எதுவும் இல்லாமல். அந்த மணிக்கட்டில் ஒரு குஞ்சம் தொங்கும். அறுத்தெறிந்த கட்டின் மிச்சம் அது என்று சொல்பவர்கள் உண்டு. வெறும் அலங்காரமாகவே இருந்தாலும் எனக்குச் சம்மதம்.

இனி தலைக்கு வாருங்கள். கிரீடம் முழுக்கப் பட்டாம்பூச்சி! இவ்வளவு கறாரான முகத்துக்கு மேலே பட்டாம்பூச்சியை வைக்க ஒருத்திக்குத் தோன்றியிருக்கிறதே, அந்தக் கையை எடுத்துக் கண்ணில் ஒற்றிக்கொள்ள வேண்டும். சிம்மாசனத்தின் பக்கத்திலும் ஒரு பட்டாம்பூச்சி, சிறகு முளைத்த ஒரு குழந்தை முகம். போர்வையில் மேகங்கள். பின்னால் வானத்திலும் கீழே மேகம் மூட்டை மூட்டையாகத் திரண்டு கிடக்க, அவள் தலை மட்டும் அதைத் தாண்டித் தெளிந்த வானத்தில் இருக்கிறது. அங்கே ஒரே ஒரு பறவை. வாள் வகையின் சிறுவன் சீட்டில் ஒரு கூட்டமே பறக்கும். இவளுக்கு ஒன்று போதும். உருப்பெருக்கிக் கண்ணாடி இருந்தால் கீழ் மூலையையும் பாருங்கள். பி, சி, எஸ் என்ற மூன்று ஆங்கில எழுத்தும் பாம்பு போலப் பின்னிக்கொண்டு கிடக்கும். வரைந்தவளின் கையெழுத்து.

டாரட் பழகுகிறவர்கள் தடுக்கி விழுகிற இடம் இந்த அரசவைச் சீட்டுகள்தான். கோல், கோப்பை, வாள், காசு என்று நான்கு வகை. வகைக்கு ஒரு சிறுவன், ஒரு குதிரை வீரன், ஒரு ராணி, ஒரு ராஜா. ஆக 16 பேர். மற்ற சீட்டுகளில் ஏதாவது நடக்கும். ஒருவன் படகு தள்ளுவான், ஒருவன் சுமை தூக்குவான், ஒருத்தி கண்ணைக் கட்டிக்கொண்டு நிற்பாள். இந்த ராணிகளும் ராஜாக்களும் சும்மா உட்கார்ந்திருப்பார்கள். வந்திருப்பது நீங்களா, உங்கள் மாமியாரா, இல்லை வரப்போகிற யாரோவா? இதற்கென்றே புத்தகங்கள் எழுதியிருக்கிறார்கள். என் வழக்கம் எளிது. ஆள் யார் என்று தேட மாட்டேன். இந்த விஷயத்தில் இவளைப் போல நடந்துகொள் என்று எடுத்துக்கொள்வேன். நடக்கப்போவதைச் சீட்டு சொல்லுமா என்று என்னிடம் கேட்காதீர்கள். எங்கள் வீட்டில் இதற்குப் பெயரே ‘கிளியில்லாத கிளி ஜோசியம்’.

சரி, இவளைப் பற்றி வெயிட் என்ன எழுதினார்? 1911 என்று ஆண்டிட்டு, படங்களோடு வந்த அவருடைய விளக்க நூலை எடுத்தால் எனக்கு ரத்தம் கொதிக்கிறது. கைம்மை, பெண்ணின் துயரம், பிரிவு, இல்லாமை, மலட்டுத்தன்மை, துக்கம் என்று ஒரு பட்டியல். அவள் இரக்கத்தைக் குறிக்கவில்லையாம். கையில் வாள் இருந்தும் அதிகாரத்தையும் குறிக்கவில்லையாம். சீட்டு தலைகீழாக வந்துவிட்டால் இன்னும் மோசம்: வஞ்சம், குறுகிய புத்தி, சூழ்ச்சி. ஒரு கிரீடத்தையும் சிம்மாசனத்தையும் கொடுத்துவிட்டு, அதில் உட்கார்ந்தவளை மூலையில் ஒதுக்கி வைக்கிற வேலை இது. நம் ஊர்க்காரர்களுக்குச் சொல்லித்தர வேண்டுமா!

ஒரு விடுமுறையில் சித்தி வந்திருந்தார். சித்தப்பா போன பிறகு கடையைத் தனியாளாக நடத்தியவர். சீட்டுகளை மேஜையில் பரப்பி வைத்திருந்தேன். அவராகவே குனிந்து ஒன்றை எடுத்தார், இவள்தான். புத்தகத்தில் போட்டிருப்பதைச் சொல்ல எனக்கு நாக்கு எழவில்லை. சித்தி கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றிவிட்டு, சீட்டை மூக்கருகே கொண்டுபோய்ப் பார்த்தார்.

“இவ யாருடி?”

“ராணி சித்தி. துக்கப்பட்டவன்னு சொல்லுவாங்க.”

“அழுறவ மாதிரி தெரியலையே. அழுது முடிச்சவ மாதிரில்ல இருக்கா.” இன்னும் கொஞ்சம் பார்த்தார். “கையைப் பாரு, கணக்கைக் கொண்டாங்கிறா.”

எத்தனை விளக்கம் படித்திருக்கிறேன், இதற்குப் பக்கத்தில் ஒன்றும் நிற்காது. நீட்டிய அந்தக் கையைத்தான் எல்லோரும் கோட்டை விடுகிறார்கள். வாள் ராஜாவிடம் அந்தக் கை கிடையாது. அவர் நம்மை நேருக்கு நேர் பார்த்து, வாளைச் சற்றுச் சாய்த்துப் பிடித்து, தீர்ப்புச் சொல்ல உட்கார்ந்தவர். நீதிச் சீட்டில் வாள் இவளுடையதைப் போலவே நிமிர்ந்து நிற்கும், ஆனால் மறு கையில் தராசு இருக்கும். இவளிடம் தராசு இல்லை, வெறுங்கை. வா, உன் பக்கத்தைச் சொல், கேட்கிறேன் என்கிறாள். பொய் சொன்னால் என்ன ஆகும் என்பதற்கு இன்னொரு கை இருக்கிறது.

கைம்பெண் பட்டம் வெயிட் கண்டுபிடித்ததும் இல்லை. 18-ஆம் நூற்றாண்டுப் பாரிஸில் எத்தேய்யா என்ற பெயரில் சீட்டு பார்த்துப் பிழைத்த ஒருவர் (அல்லியெத் என்ற தன் குடும்பப் பெயரைத் திருப்பிப் போட்டு வைத்துக்கொண்ட பெயர்!) இவளுக்குக் கைம்மை என்று ஒட்டிவிட்டுப் போனார். வெயிட் அதை அப்படியே எடுத்து மேஜைமேல் வைத்தார். எனக்கு ஆறாதது என்னவென்றால், வெயிட்டும் பமீலாவும் உறுப்பினராக இருந்த கோல்டன் டான் என்ற லண்டன் மறைஞானச் சங்கத்தின் பாடங்களில் இதே ராணிக்கு வேறு குணம் எழுதியிருக்கிறது. கூர்மையான கண், சட்டென்று பிடிபடும் புத்தி, தன்னம்பிக்கை, நளினம். அதோடு நடனத்தில் பிரியம்! நடனம் ஆடுகிற வாள் ராணி! அதை விட்டுவிட்டு மலட்டுத்தன்மையைப் பொறுக்கி எடுக்க எப்படித்தான் மனசு வந்ததோ. அதே சங்க மரபில் வந்த அலெஸ்டர் க்ரௌலிக்காக லேடி ஃப்ரீடா ஹாரிஸ் 1938 முதல் 1943 வரை வரைந்த தோத் கட்டில் இவள் ஒரு கையில் வாளும் மறு கையில் தாடிக்காரன் ஒருவனின் வெட்டுண்ட தலையுமாக மேகத்தின்மேல் இருப்பாள். அதுவும் எனக்குப் பிடிக்கும். ஆனாலும் வெட்டிய தலையைவிட நீட்டிய கை ஒரு படி மேல்.

ரம்மி ஆடுகிற கையிலும் இவள் வருகிறாள், வேறு உடையில். வாள் வகைக்கு நேரான வகை இஸ்பேட். இஸ்பேட் ராணிக்கு இருக்கிற கெட்ட பெயர் உலகப் பிரசித்தம். புஷ்கின் 1834-இல் அவள் பெயரிலேயே ஒரு கதை எழுதினார். கடைசி ஆட்டத்தில் ஏஸ் என்று நினைத்துக் கதாநாயகன் ஹெர்மன் திருப்பிய சீட்டு இவளாகிவிட, அவனைப் பார்த்து அவள் கண்ணடிப்பதுபோல அவனுக்குத் தோன்றும். அத்தோடு அவன் புத்தி பேதலித்துவிடும். கம்ப்யூட்டரில் ஹார்ட்ஸ் ஆடியவர்களுக்கும் தெரியும்: ஒவ்வொரு ஆர்ட்டின் சீட்டுக்கும் ஒரு புள்ளி தண்டம், இவள் ஒருத்திக்கு மட்டும் 13. ஆனால் பிரெஞ்சுச் சீட்டுக்கட்டில் இவள் படத்தின் ஓரத்தில் பல்லாஸ் என்று அச்சிட்டிருப்பார்கள். ஆயுதம் ஏந்திய அறிவுக் கடவுள் அதீனாவின் பெயர் அது. அந்த அச்சுக்காரருக்கு ஒரு மாலை போட வேண்டும்.

பமீலாவுக்குப் போடத்தான் மாலை பத்தாது. 1878-இல் லண்டனில் பிறந்து, மான்செஸ்டரிலும் ஜமைக்காவிலும் வளர்ந்து, புரூக்ளினின் பிராட் கல்லூரியில் ஓவியம் படித்தவர். நடிகை எலன் டெர்ரியின் லைசியம் நாடகக் குழுவோடு ஊர் ஊராகப் போனவர். ஜமைக்காவில் கேட்ட அனன்சி என்ற சிலந்தியின் கதைகளை 1899-இல் படம் போட்டுப் புத்தகமாக்கினார். நியூயார்க்கில் புகைப்படங்களுக்கென்றே இருந்த ஆல்ஃபிரட் ஸ்டீக்லிட்ஸின் கூடத்தில் 1907-இல் முதன்முதலாகப் புகைப்படம் அல்லாத ஒன்று தொங்கியதென்றால், அது இவருடைய ஓவியம். சீட்டுகளை முடித்த கையோடு அதே ஸ்டீக்லிட்ஸுக்குக் கடிதம் போட்டார்: வேலை பெரிது, கூலி கொஞ்சம் என்று. நாடக மேடையில் பழகிய கண் அது. ஓர் ஆள் எப்படி உட்கார்ந்தால் கடைசி வரிசைக்கும் மனசு தெரியும் என்று அந்தக் கண்ணுக்குத் தெரியும். அதனால்தான் வெயிட்டின் பட்டியல் ஒரு பக்கம் போக, படம் தன் பாட்டுக்கு இன்னொரு பக்கம் போகிறது. கட்டோ பல பத்தாண்டுகள் ‘ரைடர்-வெயிட்’ என்றே விற்றது. அந்தப் பெயரில் இவருக்கு இடமில்லை. 1951-இல் கார்ன்வாலில் பியூட் என்ற ஊரில் கடனோடு இறந்தார். வாங்குவதாக இருந்தால் யு.எஸ். கேம்ஸ் நிறுவனம் நூற்றாண்டையொட்டி 2009-இல் கொண்டுவந்த ‘ஸ்மித்-வெயிட்’ கட்டை வாங்குங்கள். நிறங்கள் அடங்கி, கோடுகள் தெரியும். அதைவிட, யார் பெயர் முதலில் வருகிறது பாருங்கள்!

சீட்டு பரப்பும்போது இவளிடம் எனக்குப் பிடித்த வேலை ஒன்று உண்டு. இவள் வலப்பக்கம் பார்க்கிறாள் அல்லவா, அங்கே எந்தச் சீட்டு விழுந்திருக்கிறது என்று பார்ப்பேன். அவள் விசாரிக்கிற ஆசாமி அதுதான். கோப்பை ஐந்து விழுந்தால், கறுப்புப் போர்வைக்காரன் கவிழ்ந்த மூன்று கோப்பையைப் பார்த்துத் தலை கவிழ்ந்து நிற்பான்; பின்னால் நிற்கிற இரண்டு கோப்பைக்கும் கணக்கு கேட்கத் தயாராக இவள் கை நீட்டிக்கொண்டிருப்பாள். கோல்டன் டான் கணக்குப்படி வாள் காற்று, ராணி நீர். வாய் பேசுவது காற்றின் பேச்சு; அந்தப் பேச்சுக்கு அடியில் ஈரம் உண்டு. வலிக்கிற உண்மையை வலிக்காத குரலில் சொல்ல வேண்டிய நேரம் வரும்போதெல்லாம் எனக்கு இவள் வருகிறாள். தலைகீழாக வந்தால் நான் வஞ்சம் என்று படிப்பதில்லை. கை பின்னுக்குப் போய் வாள் மட்டும் மிஞ்சிவிட்டது என்று படிப்பேன். யாரோ கேட்காமலே வெட்டிக்கொண்டிருக்கிறார்கள்.

ஆனால் உச்சம் என்றால் வாள் ஏழு. கூடாரத்திலிருந்து ஐந்து வாளைச் சுருட்டிக்கொண்டு ஒருவன் நுனிக்காலில் நழுவுகிற படம். அவன் போவது இடப்பக்கம்; யாராவது துரத்தி வருகிறார்களா என்று முகம் மட்டும் பின்னால் திரும்பியிருக்கும். அவனை ராணிக்கு வலப்பக்கம் வைத்துப் பாருங்கள். பின்னாலேயே பார்த்துக்கொண்டு நேராக அவள் காலடிக்கு நடந்து வருகிறான், மடையன்! ராணி கையை வேறு நீட்டிக்கொண்டிருக்கிறாள்! எங்கள் தெரு அண்ணன் ஒருவருக்கு இப்படியே விழுந்தது. கடையில் கூட்டுச் சேர்ந்தவரைப் பற்றி அவர் கேட்டிருந்தார். எனக்குச் சிரிப்பை அடக்க முடியவில்லை. அவருக்கு முகம் வெளுத்துவிட்டது.

“ஒண்ணுமில்லண்ணே. போன வருசக் கணக்கு நோட்டை ஒருக்கா வாங்கிப் பாத்துருங்க.”

“புஸ்தகத்துல அப்படியாம்மா போட்டுருக்கு?”

“புஸ்தகத்துல இல்லண்ணே. படத்துல போட்டுருக்கு.”