ரிப்போர்ட்டில் பிறக்கும் குறைவு

ஒரு காலத்தில் போடிநாயக்கனூரில் லேப் வாசலை மிதிப்பவர் சர்க்கரையும் கொழுப்பும் பார்த்துவிட்டுத் திரும்புவார். இப்போது சரக்கு வேறு. விட்டமின் டி, பி12, இரும்பு, துத்தநாகம், மெக்னீசியம் என்று அறுபது எழுபது பெயர்களை ஒரே விலையில் கட்டி ‘முழு உடல் பரிசோதனை’ என்று விற்கிறார்கள். பெருநகரங்களில் ஓடிய மோஸ்தர், ஏலமலை அடிவாரம் வரை வந்துவிட்டது. இதற்கு ஆதரவாகச் சொல்லப்படுவது ஒரே வாதம்தான்: “என்ன சத்து குறைகிறது என்று தெரிந்துகொள்வதில் என்ன நஷ்டம்?”

நஷ்டம் உண்டு. பணம் அதில் சின்னப் பங்கு.

பரிசோதனையே வேண்டாம் என்பதல்ல வழக்கு. கர்ப்பிணிக்கு ஹீமோகுளோபின் பார்த்தே ஆகவேண்டும். ஆண்டுக்கணக்கில் மெட்ஃபார்மின் சாப்பிடும் சர்க்கரை நோயாளிக்கும், கறி, மீன், முட்டை தொடாமல் பாலையும் விட்டவருக்கும், பாதம் மரத்துப்போகிறது என்று வருபவருக்கும் பி12 பார்ப்பதில் பொருள் இருக்கிறது. பி12 குறைந்தவருக்கு ஃபோலிக் அமிலம் மட்டும் கொடுத்தால் ரத்தசோகை தெளிந்துவிடும், நரம்புச் சேதம் பாட்டுக்குத் தொடரும். அப்படிப்பட்ட இடத்தில் ஒரு குப்பி ரத்தம் ஒருவரை முடமாகாமல் காப்பாற்றும். இவர்களெல்லாம் மருத்துவர் ஒரு காரணத்தோடு அனுப்புகிறவர்கள். தொகுப்பு விற்கப்படுவதோ காரணம் இல்லாதவர்களுக்கு.

இந்த வியாபாரம் நிற்பது ரிப்போர்ட்டில் எண்ணுக்குப் பக்கத்தில் அச்சாகும் வரம்பின் மேல். எண் ரத்தத்திலிருந்து வருகிறது, வரம்பை வகுப்பது ஒரு குழு. விட்டமின் டியின் கதையே போதும். 2010இல் அமெரிக்க மருத்துவக் கழகம், ஒரு மில்லிலிட்டருக்கு 20 நானோகிராம் இருந்தால் ஏறக்குறைய எல்லோருக்கும் போதும் என்றது. மறு ஆண்டே அங்குள்ள ஹார்மோன் மருத்துவர்களின் எண்டோகிரைன் சங்கம் 30 வேண்டும் என்றது. இந்தியாவில் 2016–18இல் குழந்தைகள், வளரிளம் பருவத்தினரிடம் நடத்தப்பட்ட தேசிய ஊட்டச்சத்துக் கணக்கெடுப்போ 12க்குக் கீழே இருந்தால்தான் குறைவு என்று எடுத்துக்கொண்டது. குரங்கணியிலிருந்து போடிக்குப் பள்ளிக்கூடம் வரும் ஒரு பெண்ணுக்கு 18 என்று வைத்துக்கொள்வோம். அரசுக் கணக்கில் அவளுக்குக் குறை இல்லை. லேப் ரிப்போர்ட்டில் தடித்த எழுத்தில் குறை. ஒரே ரத்தம், ஒரே பெண்.

இதில் வேடிக்கை, 30ஐப் பிரபலமாக்கிய அந்தச் சங்கமே 2024 ஜூனில் அதைக் கைகழுவிவிட்டது. ஆரோக்கியமாக இருப்பவர்களுக்கு வழக்கமாக விட்டமின் டி பார்க்க வேண்டாம் என்றும் பரிந்துரைத்தது. செலவு எகிறியதைக் கண்ட ஆஸ்திரேலியா, 2014 நவம்பரிலேயே அரசுக் காப்பீட்டில் இந்தப் பரிசோதனைக்கு நிபந்தனை போட்டது. அமெரிக்காவில் 25,871 பேரை வைத்து நடந்த ‘வைட்டல்’ ஆய்வில் தினமும் 2,000 அலகு விட்டமின் டி கொடுத்துப் பார்த்தார்கள். எலும்பு முறிவு குறையவில்லை என்று 2022இல் முடிவு வந்தது. இவ்வளவுக்குப் பிறகும் நம் ஊர் ரிப்போர்ட்டுகள் பலவற்றில் 30 அப்படியே உட்கார்ந்திருக்கிறது. ஊரில் பெரும்பாலானவரைக் குறையுள்ளவராக்கும் கோட்டை அழிக்க எந்த வியாபாரிக்குத்தான் மனம் வரும்? வாடிக்கையாளரைத் தேடும் பரிசோதனை என்றே இதைச் சொல்லவேண்டும்.

ஏலச்செடி நிழல் கேட்கும் பயிர். மர நிழலில் நாள் முழுக்கக் காய் எடுப்பவருக்கு வெயில் குறைவுதான், விட்டமின் டியும் குறைந்திருக்கலாம். ஆனால் ரிப்போர்ட் அவரை எங்கே கொண்டுபோய் விடுகிறது? மருந்துக்கடையில் 60,000 அலகு மாத்திரைக்கு. வாரம் ஒன்று என்பதைத் தினம் ஒன்று என்று விழுங்கினால் ரத்தத்தில் கால்சியம் ஏறி சிறுநீரகம் கெடும்.

ஹீமோகுளோபின் இதைவிட நம்பகமானது. மலையில் அதற்கும் ஒரு சிக்கல். உயரம் கூடினால் ஆக்சிஜன் குறையும், ஈடுகட்ட உடம்பு ஹீமோகுளோபினைக் கூட்டிக்கொள்ளும். அதனால் 1,500 முதல் 2,000 மீட்டர் வரையான உயரத்தில் வாழ்பவருக்கு வரம்பில் டெசிலிட்டருக்கு 1.1 கிராமைக் கூட்டச் சொல்கிறது 2024இல் வந்த உலக சுகாதார நிறுவன வழிகாட்டுதல். அந்த உயரத்தில் இருக்கும் டாப் ஸ்டேஷன் பக்கம் குடியிருக்கும் பெண்ணுக்கு 12.4 வந்தால், 12ஐ வரம்பாக வைத்த ரிப்போர்ட் ‘நார்மல்’ என்று சொல்லிவிடும். உண்மையில் அவருக்கு ரத்தசோகை. போடியில் தூங்கி, ஜீப்பில் மேலே போய் வேலை செய்துவிட்டு மாலையில் இறங்குகிறவருக்கு எந்த வரம்பு? இரவில் எந்த உயரத்தில் படுக்கிறீர்கள் என்று கேட்கும் லேப் எங்கே இருக்கிறது?

அந்த ஜீப்புகள் விடியுமுன் மலையடிவாரத்து முந்தலைத் தாண்டிவிடும். லேப்காரரோ வெறும் வயிற்றோடு காலையில் வரச் சொல்வார். ஒரு குப்பி ரத்தத்துக்கு ஒரு நாள் கூலி போய்விடும். ரிப்போர்ட் வாங்க இன்னொரு நடை. (தோட்டத்து அட்டை இந்த விஷயத்தில் எவ்வளவோ தேவலை. இருக்கும் இடத்துக்கே வந்து எடுத்துக்கொள்ளும், கட்டணமும் கிடையாது.) ஆக, யாருக்கு ரத்தம் குறைவாக இருக்க வாய்ப்பு அதிகமோ அவர் இந்தத் தொகுப்பை வாங்குவதில்லை. வாங்குகிறவர் பெரும்பாலும் மூன்று வேளையும் நன்றாகச் சாப்பிடுகிறவர்.

அவர் வாங்கினாலும் புதிதாக என்ன தெரிந்துவிடும்? தமிழ்நாட்டில் 15 முதல் 49 வயதுப் பெண்களில் 53.4 சதவீதத்தினருக்கு ரத்தசோகை என்று 2019–21 தேசியக் குடும்பநல ஆய்வு சொல்லிவிட்டது. இருவரில் ஒருவருக்கு மேல் என்று தெரிந்த பிறகு, பல இடங்களில் செய்யவேண்டியது ரத்தம் எடுக்காமலே செய்யக்கூடியது. 2018இல் தொடங்கிய ‘ரத்தசோகை இல்லா பாரதம்’ திட்டத்தில் 60 மில்லிகிராம் இரும்பும் 500 மைக்ரோகிராம் ஃபோலிக் அமிலமும் கொண்ட மாத்திரையை வளரிளம் பெண்களுக்கு வாரம் ஒன்றாகக் கொடுக்கிறார்கள். குடற்புழுவுக்கு அல்பெண்டசோல் உண்டு. ஈர மண்ணில் வெறுங்காலோடு நிற்பவருக்குக் கொக்கிப்புழு வழியாக ரத்தம் போவது பழைய செய்தி. ரேஷன் கடையில் போட்டுவந்த செறிவூட்டிய அரிசியில் இரும்பு, ஃபோலிக் அமிலம், பி12 மூன்றும் சேர்த்தார்கள்.

இவற்றோடு ஒரு கட்டன் சாயா (பால் சேர்க்காத டீ) விவகாரமும் உண்டு. சாப்பாட்டோடு சேர்த்துக் குடிக்கும் தேநீர், தானியமும் கீரையும் தரும் இரும்பில் உடம்பில் சேரவேண்டியதைப் பாதிக்கும் மேல் தடுத்துவிடும். தேயிலையும் ஏலமும் விளையும் மலையில், மதியச் சோற்றுக்கும் டீக்கும் நடுவே ஒரு மணி நேரம் இடைவெளி விடச் சொல்வதற்கு எந்த ஊசியும் தேவையில்லை. எழுபது பெயர்கள் அச்சான ரிப்போர்ட்டில் அந்த ஒரு வரிதான் இருக்காது.

அப்படியும் மலையில் செலவழித்துப் பார்க்கத்தக்க பரிசோதனை ஒன்று உண்டு. தோட்டத்துக்கே போய் சிரையிலிருந்து ரத்தம் எடுத்து, உயரத்தைக் கணக்கில் சேர்த்து ஹீமோகுளோபின் பார்ப்பது, மாத்திரை கொடுத்தும் ஏறாதவருக்கு மட்டும் உடம்பின் இரும்புக் கையிருப்பைக் காட்டும் ஃபெரிட்டினும் பி12உம் பார்ப்பது. யார் செலவில்? தொழிலாளருக்கு மருத்துவ வசதி தருவதைத் தோட்ட உரிமையாளரின் கடமையாக்கியது 1951ஆம் ஆண்டுத் தோட்டத் தொழிலாளர் சட்டம். 2025 நவம்பர் வரை அமலில் இருந்த அந்தச் சட்டத்தில் ஐந்து ஹெக்டேரும் பதினைந்து தொழிலாளரும் இருந்தால்தான் அது தோட்டமாக எண்ணப்பட்டது. ஏலமலையில் சிறு தோட்டங்கள் ஏராளம், போடி ஜீப்புகள் ஆள் இறக்கிவிடுவது அவற்றிலும்தான்.