நடுவர் நீங்கிய போர்க்களம்: சிற்றுருவப் போர் விளையாட்டுகளில் எதிர்ச்சூட்டு விதிகள்

முன்னுரை

மேசைமீது சிறு படையுருவங்களை நிறுத்தி, அளவுகோலும் பகடையும் கொண்டு ஆடப்படும் போர் விளையாட்டுகளில் ஓர் ஐயம் அடிக்கடி எழுகிறது. சுடப்படும் படைப்பிரிவு, தான் வீழ்வதற்கு முன் திருப்பிச் சுடலாமா என்பதே அது. இதற்கு விடைகூறும் விதி இங்கு எதிர்ச்சூட்டு விதி எனப்படுகிறது. போரை உள்ளபடி காட்டுகிறதா என்ற நோக்கில் மட்டும் இவ்விதியை மதிப்பிடுவது போதாது. நடுவர் நீங்கிய இடத்தில் அவருடைய பணியை ஏற்ற நீதிமுறை அது என்பதே இக்கட்டுரையின் கருதுகோள்.

நடுவரும் காலமும்

பிரஷ்யப் படை அதிகாரி ரைஸ்விட்ஸ் 1824இல் வெளியிட்ட கிரீக்ஸ்பீலில் ஒரு முறை என்பது 2 நிமிடப் போரைக் குறித்தது. இரு தரப்பின் ஆணைகளையும் பெற்ற நடுவர், அவை ஒரே காலத்தில் நிகழ்வனவாகக் கொண்டு பகடையின் துணையுடன் விளைவைத் தீர்மானித்தார். முதலில் சுட்டவர் யார் என்னும் பூசலுக்கு ஆடுவோரிடையே இடமில்லை.

எச். ஜி. வெல்ஸின் லிட்டில் வார்ஸ் (1913) விதிகளின்படி இரு தரப்பும் மாறிமாறி ஆடுகின்றன. பொம்மைப் பீரங்கியின் குண்டு பட்டு விழுந்த வீரர் இறந்தவராவார். பீரங்கியிலிருந்து 6 அங்குலத்துக்குள் தம் தரப்பினர் நால்வரேனும் இல்லையெனில் அது சுட இயலாது. எனவே முந்திச் சுடுபவர் எதிரியின் பீரங்கியை, அது விடையிறுக்கும் முன்பே செயலிழக்கச் செய்யலாம். நூலின் முடிவில் உண்மைப் போரின் மடமையைச் சாடும் வெல்ஸ், விதிகளில் முந்தித் தாக்குபவருக்கே பயனளிப்பது நோக்கத்தக்க முரணாகும்.

பிற்காலத் தீர்வுகள்

1980களில் தோன்றிய பேட்டில்டெக் இம்முரணைக் காலத்தை ஒருங்கிணைத்துத் தீர்க்கிறது. சுடும் கட்டத்தில் நேரும் சேதம் அக்கட்டத்தின் முடிவிலேயே நடைமுறைக்கு வருவதால், அழியவிருக்கும் இயந்திரமும் சுட்டுவிட்டே அழிகிறது. எனினும் முந்திச் சுடும் திறமைக்கு இங்கு மதிப்பில்லை. ஆட்டத்தின் மேன்மை, எதிரி நகர்ந்ததைக் கண்டபின் நகரும் வாய்ப்பில் அடங்கிவிடுகிறது.

வார்ஹாமர் 40,000இன் எட்டாம் பதிப்பு (2017) ஓவர்வாட்ச் என்னும் விதியால் பாய்ந்து வரும் எதிரியைச் சுட இசைகிறது. ஆனால் பகடையில் 6 விழுந்தால் மட்டுமே குறி தவறாது. மேலும் இவ்வுரிமை பாய்ச்சலுக்கே உரியது. தொலைவிலிருந்து சுடப்படுபவர் தம் முறை வரும்வரை காத்திருக்க வேண்டும். இங்கு எதிர்ச்சூடு உரிமையாக அன்றிச் சலுகையாகவே நிற்கிறது.

இன்ஃபினிட்டி (2005) வேறு வழியைக் காண்கிறது. தன் பார்வையில் எதிரி செயற்படும்போதெல்லாம் வீரன் எதிர்வினையாற்றலாம். இருவரும் இருபது முகப் பகடையை ஒருசேர உருட்டுவர். தத்தம் இலக்கெண்ணைத் தாண்டாத எண்களுள் உயர்ந்தது மற்றவரின் சூட்டை முறியடிக்கும். பொதுவான துப்பாக்கியால் முனைந்து சுடுபவர் 3 பகடைகளும், எதிர்ச்சுடுபவர் 1 பகடையும் உருட்டுவர். முந்துதலின் பயன் இங்கு எண்ணிக்கையாக அளந்து தரப்படுகிறது. விடையிறுக்கும் உரிமையோ பறிக்கப்படுவதில்லை.

முடிவுரை

மூன்று விளையாட்டுகளும் ஒரே துப்பாக்கிச் சண்டையையே காட்டினும், அவற்றின் விதிகள் வேறுபடுகின்றன. வேறுபாட்டுக்குக் காரணம் போர் பற்றிய அறிவு மட்டுமன்று. தாக்கப்படுபவருக்கு எவ்வளவு மறுமொழி உரியது என்னும் முடிவும் ஆகும். அம்முடிவை விதியாசிரியர் பகடைக் கணக்கினுள் மறைத்து வைக்கிறார். அதனை வெளிக்கொணர்வதே இவ்வகை விளையாட்டுகளைப் பனுவலாக வாசிக்கும் திறனாய்வின் பணி எனலாம்.