நினைவேக்கமும் அடிமணலும்: தொடக்ககாலத் தமிழ் வலைப்பதிவுப் பண்பாட்டை முன்வைத்து

முன்னுரை

இருபத்தோராம் நூற்றாண்டின் முதற் பத்தாண்டு இன்று ஏக்கத்துக்குரிய காலமாகியுள்ளது. 2000ஆம் ஆண்டு பிறக்கையில் கணிப்பொறிகள் தடுமாறும் என்ற அச்சத்தைக் குறித்த 'ஒய்டூகே' என்னும் சொல், இன்று ஓர் ஆடைப்பாணியின் பெயராகும். தில்லிச் சரோஜினி நகர்ச் சந்தையில் இடை தாழ்ந்த ஜீன்சும் குட்டை மேற்சட்டையும் அப்பெயரால் விற்பனையாகின்றன. அக்காலச் சிறு டிஜிட்டல் கேமராக்களை இளைஞர் தேடி வாங்குகின்றனர். முகத்தை வெளுக்கச் செய்யும் பளிச்சொளியும் படத்தின் மூலையில் பதியும் தேதியும் அன்று குறைகள், இன்று அணிகள். தமிழில் இவ்வேக்கம் தொடக்ககால வலைப்பதிவுகளைக் குறித்தும் எழுகின்றது. அது எதைப் பேணுகின்றது, எதை மறக்கின்றது என ஆராய்வதே இக்கட்டுரையின் நோக்கம்.

ஏக்கத்தின் அளவுகோல்

கழிந்ததற்கு இரங்குதல் தமிழுக்குப் புதிதன்று. புறநானூற்று 243ஆம் பாடலில் தொடித்தலை விழுத்தண்டினார் தம் இளமையை எண்ணி இரங்குகின்றார். மணற்பாவைக்குப் பூச்சூட்டியது, நீர்த்துறையில் தாழ்ந்த மருதமரக் கிளையேறி ஆழ்நீரில் குதித்தது, அடியிலிருந்து மணலை அள்ளிவந்து காட்டியது என ஒவ்வொன்றும் பருப்பொருளாக அப்பாடலில் நிற்கின்றது. இளமை இனிது என்று பொதுப்படச் சொல்லியிருப்பின் பாடல் நில்லாது. அள்ளிய மணலே ஆழத்துக்குச் சான்று. அகத்திணை மரபில் உரிப்பொருளே தலைமையுடையது. ஆயினும் முதலும் கருவும் அதற்கு நிலைக்களனாகின்றன. அவ்விரண்டும் நீங்கிய ஏக்கம் பாணியாகச் சுருங்கும். இன்றைய ஏக்கத்தை இவ்வளவுகோலால் மதிப்பிடலாம்.

கருப்பொருள்கள்

வலைப்பதிவின் முதற் கருப்பொருள் எழுத்துக் குறியேற்றம். 1999இல் சென்னையில் நிகழ்ந்த தமிழ்நெட் 99 மாநாடு விசைப்பலகைக்கும் குறியேற்றத்துக்கும் தரம் காண முயன்றது. அதன் பின்னரும் திஸ்கி, டாப், டாம் எனப் பல குறியேற்றங்கள் வழங்கின. உரிய எழுத்துரு இல்லாத கணிப்பொறியில் தமிழ் வெறுங்குறிகளாகவே தோன்றும். ஒருங்குறி பரவியபின் இந்நிலை மாறியது. தமிழ்நாடு அரசு 2010இல் அதனை ஏற்றது. இரண்டாவது கருப்பொருள் இணைப்பின் வேகம். தொலைபேசிக் கம்பிவழி இணைப்பு வினாடிக்கு 56 கிலோபிட்டைத் தாண்டாது. 2004ஆம் ஆண்டின் இந்திய அகலப்பட்டைக் கொள்கையே 256 கிலோபிட்டை அடிவரம்பாகக் கொண்டது. எனவே படங்களைச் சிறிதாக்கியே ஏற்றினர். இன்று அழகெனப் போற்றப்படும் படத்தெளிவின்மையில் இத்தேவைக்கும் பங்குண்டு.

மூன்றாவது, வாசிப்பின் அமைப்பு. 2004இல் தொடங்கிய தமிழ்மணம் போன்ற திரட்டிகள் புதிய இடுகைகளையும் புதிதாக மறுமொழி பெற்றவற்றையும் வரிசைப்படுத்தின. சென்னை, கொழும்பு, சிங்கப்பூர், டொராண்டோ எழுத்துக்கள் ஒரே பக்கத்தில் அடுத்தடுத்து நின்றன. இடுகை தனிப்பிரதியன்று, பின்னூட்டங்களுடன் சேர்ந்ததே முழுப்பிரதி.

சொற்கள் தரும் சான்று

இப்பண்பாட்டின் உறுதியான எச்சம் அதன் சொற்களே. வலைப்பூ, இடுகை, பின்னூட்டம், திரட்டி ஆகியன பதிவர் வழக்கில் நிலைபெற்றன. பொருள்விட்டுப் பேசும் பின்னூட்டக் கூத்துக்குக் 'கும்மி' என நாட்டார் ஆடலின் பெயரிட்டனர். 'மட்டுறுத்தல்' என்னும் சொல் மற்றொன்றையும் காட்டுகின்றது. அநாமதேய வசையும் சாதிப் பூசலும் பெண் பதிவர்மீதான இழிமொழியும் பெருகியதனாலேயே பின்னூட்டங்களைத் தடுத்து வெளியிடும் தேவை மிகுந்தது. ஏக்கம் கும்மியை நினைவில் வைத்து மட்டுறுத்தலை மறக்கின்றது. பொற்காலம் என்னும் மதிப்பீட்டை அக்காலச் சொல்லகராதியே மறுக்கின்றது எனலாம்.

ஒளிப்படம்

2007இல் தொடங்கிய 'தமிழில் புகைப்படக்கலை' என்னும் கூட்டு வலைப்பதிவு ஈண்டுக் கருதத்தக்கது. துளையளவும் ஒளிபுகு நேரமும் அதில் தமிழில் விளக்கப்பட்டன. மாதந்தோறும் ஒரு தலைப்பில் போட்டி நிகழ்ந்தது. அங்கு படம் தனித்து வரவில்லை. குறையும் நிறையும் கூறும் உரையுடன் வந்தது. மூலமும் உரையும் இணைந்த தமிழ்க் கல்விமுறை புதிய ஊடகத்தில் தொடர்ந்ததை இது காட்டுகின்றது. பழைய கேமராவை வாங்குவோர் படத்தின் நிறத்தைப் பெறலாம். உரைமரபை அக்கருவி தாராது.

அழிவும் பதிப்பும்

2009இல் ஜியோசிட்டிசும், 2014இல் ஆர்குட்டும், 2016இல் பிக்காசா இணையத் தொகுப்பும் மூடப்பட்டன. 2019இல் யாகூ குழுக்களின் பழைய மடல்கள் நீக்கப்பட்டன. நம் ஆய்வேடுகளின் துணைநூற்பட்டியலிலுள்ள இணைய முகவரிகள் பல இன்று திறப்பதில்லை. மேற்கோள் உண்டு, மூலம் இல்லை என்பது ஆய்வுலகம் அஞ்சவேண்டிய நிலையாகும்.

இதற்கு மாறான சான்று தில்லியிலேயே உண்டு. சராய், அங்குர் அமைப்புகள் 2001இல் தொடங்கிய சைபர்மொகல்லா திட்டத்தில் எளிய குடியிருப்புகளின் இளைஞர்கள் கணிப்பொறியில் தம் தெருக்களை இந்தியில் எழுதினர். அவற்றுள் நங்லா மாஞ்சி 2006இல் இடிக்கப்பட்டது. அவ்விளைஞர்களின் எழுத்து 2007இல் 'பஹுரூபியா ஷஹர்' என நூலாகி, 2010இல் ஆங்கிலத்திலும் வெளிவந்தது. குடியிருப்பு நிலத்திலிருந்து அகன்றபின்னும் அதன் வாழ்க்கை வாசிக்கக் கிடைக்கின்றது. ஏக்கம் செய்யாததைப் பதிப்பு செய்தது.

முடிவுரை

விழுத்தண்டினாரின் இயற்பெயரை நாம் அறியோம். அவர் பெயர் பாடலிலுள்ள கோலால் அமைந்தது. புனைபெயரில் எழுதிய பதிவர் பலரின் நிலையும் இதுவே. அவர் பாடல் நமக்கு எளிதிற் கிட்டுவதற்கு 1894ஆம் ஆண்டின் உ.வே.சாமிநாதையர் பதிப்பு வழிவகுத்தது. தமிழ்த் துறைகள் எஞ்சிய வலைப்பதிவுகளை எழுதியோர் இசைவுடன் திரட்ட வேண்டும். பழைய குறியேற்றத்தை மாற்றுகையில் மூலக்கோப்பையும் காக்க வேண்டும். பின்னூட்டங்களையும் படங்களையும் பிரதியின் உறுப்புகளாகப் பதிப்பிக்க வேண்டும். ஓலையைத் தேடி ஊரூராகச் சென்ற மரபுக்கு இது இயலாத பணியன்று. எழுதியோர் பலர் இன்றும் நம்மிடையே வாழ்கின்றனர் என்பது பழைய பதிப்பாசிரியர் பெறாத வாய்ப்பு. அவ்வாய்ப்பு நெடுநாள் நில்லாது.